இறங்கிக்கொண்டே இருந்த ஆயில்

முதலாளி என்றதும் அவர் கையில் இருந்த, இஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சிதான் நினைவுக்கு வருகிறது. செஞ்சிக் கடைத்தெருவில் அவருடைய மல்லாட்டை மண்டி வாசல்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பேர். மார்கழிக் காலை. மூட்டை இறக்க வந்தவர்களெல்லாம் நின்று பார்க்க, காரின் பானெட்டைத் திறந்து குச்சியை உருவினார். துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் ஈரம். அதை ஆளாளுக்குக் காட்டிவிட்டு, "பேக்கிங் புதுசா மாத்தியாச்சு. அப்பவும் ஆயில் இறங்குதுன்னா இன்னா அர்த்தம்? இவன் இறக்கி விக்கிறான்" என்றார். இவன் என்றது அவருடைய டிரைவரான என்னை. எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்த மனிதர் மேல் வந்த வெறுப்பு இன்றுவரை போகவில்லை. போகவேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

அது பழைய பெட்ரோல் கார். குளிர்காலத்தில் காலையில் எடுத்தால் நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாது. வண்டி மொத்தமும் உதறும், மிஸ் அடிக்கும், சில சமயம் அணைந்தே போகும். சூடேறிவிட்டால் ஒன்றும் தெரியாததுபோல ஓடும். பெட்ரோல் சரியில்லை என்பார் முதலாளி. அவர் வீடு மலையடிவாரத்தில், சரிவான தெருவில் இருந்தது. வண்டி கிளம்பாவிட்டால் உருட்டிவிட்டாவது கிளப்பலாம் என்று, மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்தச் சொல்வார். சமதளத்தில் விட்டால் திட்டு விழும். மெக்கானிக் வந்து பார்த்ததும் அந்தச் சரிவில்தான். அடியில் இருக்கும் ஆயில் தொட்டியின் முன்விளிம்பில் சொட்டு தொங்கியது. அங்கேதான் ஒழுகுகிறது என்று அவர், ஆயில் கசியாமல் அடைக்கும் கீழ் பேக்கிங்கை மாற்றிவிட்டுப் போனார். ஆயில் முன்பு போலவே இறங்கிக்கொண்டிருந்தது. திருடன் பட்டம் எனக்கு வந்தது அப்படித்தான்.

செஞ்சி மாதிரி ஊரில் ஆயில் திருடுகிற டிரைவர் என்று பெயர் எடுத்தால் வேறு யார் சாவி கொடுப்பார்கள்? அவலூர்பேட்டைக் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டக் கூப்பிட்டிருந்தவர்கூட, "வேற ஆள் சொல்லிட்டேம்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் முதலாளி மேல்சித்தாமூரில் ஒரு வியாபாரி வீட்டுக்கு மல்லாட்டை பேசப் போனார். அங்கே தெரு சமதளம். அவர் உள்ளே போனதும் மண்ணெண்ணெய்த் துணியால் இஞ்சினை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். டேஷ்போர்டில் அவர் வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அதன் மேல் தூவினேன். சாமி கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும் என்று இஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. அது கீழ்த்தொட்டியில் தொடங்கவில்லை, இஞ்சினின் மேல்மூடி ஓரத்தில் தொடங்கியது. மூடியின் பேக்கிங் செத்துப்போயிருந்தது. சரிவில் நிறுத்தும்போது அந்த ஆயில் முன்பக்கம் ஓடி, தொட்டி விளிம்பில் சேர்ந்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. ஒரு பிளக்கின் வயரைப் பிடுங்கினேன். ரப்பர் முனை ஆயிலில் முக்கி எடுத்ததுபோல வந்தது. பிளக் இருக்கும் குழியில் ஆயில் நின்றது. காலையில் அந்தச் சிலிண்டர் அடிக்காததும் அதனால்தான். அங்கேயே சத்தம் போட்டு அழுதிருப்பேன். முதலாளி வந்ததும் ஈரக்கோட்டையும் காட்டினேன், குழியையும் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சரி சரி, மாத்திடு. வெத்தல வாங்கியாந்தியா?" என்றார்.

மேல் பேக்கிங் மாற்றி, குழியைத் துடைத்தபின் வண்டி குளிரிலும் ஒரே சாவியில் கிளம்பியது. ஆயில் இறங்கவில்லை. கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில் திருப்பிச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார். அதே மண்டி வாசலில் குச்சியை உருவி, "பாத்தீங்களா, துளி இறங்கல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நாலு வார்த்த கேட்டேன். நிறுத்திட்டான்" என்றார்.

"மேல் பேக்கிங் போயிருந்துதுங்க. நான்தான உங்களாண்ட காட்டினேன்" என்றேன்.

"பேக்கிங்காம் பேக்கிங்கு" என்றார். முன்பு சிரித்தவர்களே மறுபடியும் சிரித்தார்கள். சாவியை மூட்டை மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

பல வருஷம் வெளியூரில் லாரி ஓட்டிவிட்டு, இப்போது செஞ்சியிலேயே சொந்தக் கார் வைத்திருக்கிறேன். போன வருஷம் அவர் செத்தபோது வீட்டிலேதான் இருந்தேன், மாலை போடப் போகவில்லை. கொஞ்சநாள் கழித்து அவர் மகன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன், அப்பன் குணம் கிடையாது. "சாவுக்கு நீங்க வரலியேண்ணா. நைனா கடைசி வரிக்கும் உங்கள உசத்திதான் பேசினாரு" என்றான். என்ன பேசினார் என்று கேட்டேன்.

"புது டிரைவருங்க வந்தா உங்களத்தான் சொல்லுவாருண்ணா. 'அவன் திருடினவன்தான்டா. ஆனா ஒரு தபா சொன்னதும் திருந்திட்டான். இருந்தா அவன மாதிரி இருக்கணும்'னு."