கரண்டு போனால் கூப்பிடுகிறவள்

கம்பாலாவில், என்டேபா மரக்கடை வரிசையில் கரண்டு போனால் முதலில் கேட்பது நம்பூசேயின் குரல்தான். அதுவரை ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்த அறுவை மெஷின்களும் இழைப்பு மெஷின்களும் சட்டென்று வாயடைத்துப் போகும். மரத்தூள் மெதுவாகக் கீழே இறங்கும். அந்த அமைதியில் அவள் தன் கடையிலிருந்து வெளியே வந்து, வரிசையின் கடைசி வரை நடப்பாள்.

"சுவிட்சை அணைங்க! வயரைப் பிடுங்குங்க! டேய், உன்னையத்தான், வயரைப் பிடுங்குடா!"

அங்கே பாதிக் கடைகளில் பிளக் என்பதே கிடையாது. வயரின் இரண்டு நுனியையும் உரித்து, சுவர் சாக்கெட்டின் ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பார்கள். அதைப் பிடுங்கினால் மறுபடி சொருகுவது தொல்லை. ஆனாலும் அவள் வாயை மூட வேண்டும் என்பதற்காகவாவது பிடுங்கிவிடுவார்கள்.

அவள் புருஷன் கக்வா செத்தது வயரைப் பிடுங்காமல் விட்டதால்தான். மரத்தின் விளிம்பில் குழியும் பூவும் வெட்டுகிற ரவுட்டர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, மரத்தை வெட்டுகிற பிட் மழுங்கிப்போனதால் அதைக் கழற்றி வேறு பிட் மாட்டிக்கொண்டிருந்தான். கரண்டு இல்லைதானே என்ற தைரியம். சுவிட்ச் போட்டபடியே இருந்ததை மறந்துவிட்டான். கரண்டு வந்தது. மெஷின் மடியிலேயே துள்ளித் தொடையைக் கிழித்தது. அப்போது கடை வாசலில் சப்பாத்தியும் பீன்ஸும் விற்றுக்கொண்டிருந்த நம்பூசே, அவனை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவன் தலை ஓட்டுகிறவனின் முதுகில் சாய்ந்து கிடந்தது.

இரட்டைப் பெண் பிள்ளைகள் அவர்களுக்கு. இரட்டையரைப் பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளை வளர்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அதே மெஷினைத் துடைத்துக் கையில் எடுத்தாள். கட்டில் தலைப்பலகைக்கு விளிம்பு போடப் பழகினாள். பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையோடு கட்டாமல் அவள் தொடமாட்டாள். பிட் சுற்றுகிற போக்கிலேயே மெஷினைத் தள்ளினால் அது கையை மீறி ஓடும் என்பதை, முதல் வாரத்தில் பாழான, விலை கூடிய ஒரு முவுலே மரப் பலகை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆழமான குழியை ஒரே மூச்சில் வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவாள். கூந்தலை இறுக்கி முடிந்து, கண்ணாடி மாட்டி, தொளதொள உடுப்பின் மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டு மணிக்கட்டில் ரப்பர் வளையம் சுற்றிக்கொள்வாள்.

"நாலோங்கோ, மரம் வெட்டப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்று அடுத்த கடை லுப்வாமா கேட்பான்.

"நீ பேசுற பேச்சுக்குச் சண்டைக்குத்தான் போகணும்."

"கரண்டு ஆபீஸ்ல உன்னைய வேலைக்கு வெச்சுட்டாங்களாமே? கரண்டு போனா கூவுறதுக்கு."

"கூவுறேன். உன் காதுல விழுதா இல்லையா, அதைச் சொல்லு."

"காது கிழியுது, தாயே."

லுப்வாமா நல்ல கைக்காரன். கதவு வேலையில் அந்த வரிசையில் அவனுக்கு எதிர் இல்லை. கேலி பேசினாலும், அவள் குரல் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையால் வயரை இழுத்துவிடுவான். வருஷக்கணக்கில் அது இருமல் தும்மல் மாதிரிப் பழகிப்போனது.

இரட்டையரில் சின்னவள் நக்காட்டோ மசாக்கா ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்குப் பிரசவ வலி என்று ஒரு காலையில் போன் வந்தது. நம்பூசே மெஷின்களை எடுத்து உள்ளே வைத்துக் கடையைச் சாத்திவிட்டு, லுப்வாமாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். பெண் குழந்தை பிறந்தது. நம்பூசே அதைக் குளிப்பாட்டினாள், மடியில் போட்டுத் தூங்கவைத்தாள். பல வருஷமாக அவள் காதில் இருந்த இரைச்சல் அங்கே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இரு என்று மகள் கெஞ்சினாள். வேலை கிடக்கிறது என்று சொல்லி, மருமகன் கொடுத்த மத்தோக்கே வாழைத்தாரோடு வந்து இறங்கினாள்.

வரிசையில் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. லுப்வாமாவின் கடை பூட்டியிருந்தது. அதன் வாசலில் அவன் மனைவி நல்வெயிசோ உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிருந்தே?" என்றாள் அவள்.

"மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. ஏன், என்னாச்சு?"

"உனக்குப் பேத்தி பிறந்துச்சு. எனக்குப் புருஷன் கை போச்சு."

நம்பூசே தாரைக் கீழே வைத்தாள். அவள் ஊருக்குப் போன மறுநாள் கரண்டு போயிருக்கிறது. லுப்வாமா மெஷினைக் கவிழ்த்து வைத்து ஸ்பேனரால் பிட்டைக் கழற்றியிருக்கிறான். பாதியில் கரண்டு வந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போய்விட்டன.

"நீ கூப்பிட்டிருந்தா அவன் புடுங்கியிருப்பான். தெனம் கூப்பிடுறவ, அன்னிக்கு ஏன் கூப்பிடல?"

"நான் ஊர்லயே இல்லையேம்மா. அவன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்."

"அப்ப தெனம் கூப்பிட்டு எங்களைக் கெடுத்திருக்கக் கூடாது."

நம்பூசேக்குக் கோபம் வந்தது. நான் என்ன உங்கள் வீட்டுக் காவல்காரியா என்று கேட்க வாயெடுத்தாள். நல்வெயிசோவின் முகத்தைப் பார்த்ததும் தாரைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் லுப்வாமாவின் வீட்டுக்குப் போனாள். அவன் கையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான்.

"அவ சொன்னதை மனசுல வெச்சுக்காத, நாலோங்கோ," என்றான். "உன் மேல தப்பில்ல."

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணு. கரண்டு போச்சு. உன் குரல் கேக்கல. வயரைப் புடுங்கிட்டேன்னே நெனச்சேன். ஏன் அப்படி நெனச்சேன்னு படுத்துக்கிட்டு யோசிச்சுட்டே இருக்கேன். விளங்கல."

அவளுக்கு விளங்கியது. அவள் குரல் ஓய்ந்திருந்தால் வயரைப் பிடுங்கியாயிற்று என்று அர்த்தம், அப்படித்தான் அவன் கை பழகியிருந்தது.

இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவரவர் கை, அவரவர் பாடு. அடுத்த முறை கரண்டு போனபோது தன் வயரை மட்டும் பிடுங்கிவிட்டு மரத்துண்டின் மேல் உட்கார்ந்தாள். வரிசை அமைதியானது. ஒருவன் சிகரெட் பற்றவைத்தான். எதிர்க் கடைக்காரன் மெஷினைத் திருப்பி வைத்து ஸ்பேனரை எடுத்தான். அவன் வயர் இன்னும் சுவர் ஓட்டையிலேயே சொருகியிருந்தது. யாரும் எதையும் பிடுங்கவில்லை. எல்லோரும் அவள் பக்கம் பார்த்தார்கள், அவளுக்கு ஏதோ உடம்புக்கு என்பதுபோல. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எதிர்க் கடைக்காரனின் விரல்கள் பிட்டைச் சுற்றி வளைந்தபோது, அவளை அறியாமலே எழுந்து கத்திவிட்டாள்.

அதன்பிறகு அவள் ஊருக்குப் போகவில்லை. பேத்திக்குப் பெயர் வைத்தார்கள், போகவில்லை. பேத்தி நடந்ததையும் பேசியதையும் போனில்தான் கேட்டுக்கொண்டாள். மூத்தவள் பாபிரியே வந்து சண்டை போட்டாள்.

"அவங்க என்ன சின்னப் பிள்ளைங்களா? நீ இல்லாட்டி செத்துருவாங்களா?"

"தெரியலடி. பாத்துக்கிட்டிருக்க முடியல."

விரல் போன பிறகு லுப்வாமா மரம் அடுக்கும் வேலைக்கு வந்தான். இடது கையால் பலகைகளுக்கு உப்புத்தாள் போடுவான். நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறானே என்று, நம்பூசே அவனிடம் போய்க் கேட்டாள்.

"நான் ரெண்டு நாள் மசாக்கா போய்ட்டு வரேன். நீ கூப்பிடுறியா?"

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். "வேணாம், நாலோங்கோ. நான் மறந்து எவனுக்காவது ஆயிடுச்சுன்னா? என் பொண்டாட்டி உன்னையக் கேட்ட மாதிரி அவன் பொண்டாட்டி என்னையக் கேப்பா. என்னால தாங்க முடியாது."

அந்த முறையும் அவள் மசாக்கா போகவில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு மலேரியா வந்தது. எழுந்திருக்கப் பார்த்துக் கதவருகிலேயே விழுந்தாள். பாபிரியே வந்து, அவள் மரக்கடைக்கு ஓடாதபடி வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். பாயில் கிடந்தபடி, தெருவிளக்கு அணையும்போதெல்லாம் யார் கையோ என்று நம்பூசே பிதற்றினாள். காய்ச்சல் விட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு கடையாகக் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லாக் கையும் முழுசாக இருந்தது.

"யார் கூப்பிட்டீங்க?" என்று லுப்வாமாவைக் கேட்டாள்.

"யாரும் கூப்பிடல. நீ இல்லாதப்ப இந்த வரிசையில கரண்டே போகல," என்றான் அவன்.

எதிர்க் கடைக்காரன் சிரித்தான்; தெருவிளக்கு அத்தனை தடவை அணைந்தும், கூப்பிட்டது நான்தான் என்று சொல்லி அந்தப் பாரத்தை ஏற்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைக் கிளாம்பில் இறுக்கினாள். எப்படி இருக்கிறாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை.