காதர் ராவுத்தர் சொன்னதும் நான் சொன்னதும்

காதர் ராவுத்தர் பேசியதை நான் மாற்றிச் சொன்னேன். தெரிந்தே மாற்றினேன். அவர் தமிழில் ஒன்று சொன்னார். நான் ஆங்கிலத்தில் அதற்கு நேர்மாறாகச் சொன்னேன். அதனால் அவர் பிழைப்புப் போயிற்று, ஊரும் போயிற்று.

இவ்வளவுதான் குற்றம். இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆயுள் பிடித்திருக்கிறது!

மாட்டு வியாபாரி ஒருவரின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல என்ன அவசியம் வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்... அந்தச் சாலையைச் சொல்லாமல் என்னால் அங்கே போக முடியாது. அதை நினைத்தால் இந்த வயதிலும் நெஞ்சு இளகிவிடுகிறது.

ஐம்பதுகளின் தொடக்கம். எங்கள் நல்லேப்பிள்ளி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. கிழக்கே பொள்ளாச்சி, சென்னை ராஜ்யம். மேற்கே பாலக்காடு, அதுவும் சென்னை ராஜ்யம்! ராவுத்தர் பொள்ளாச்சிச் சந்தையில் காளை பிடித்து, எங்கள் ஊர் வழியாக ஓட்டிப்போய், மேற்கே வாணியங்குளம் சந்தையில் விற்பார். விலைபோவதற்குள் அந்தக் காளை இரண்டு தடவை ராஜ்யம் மாறிவிடும். "மாட்டுக்குத் தலையே சுத்திப்போகும்" என்று எல்லைக் கல்லருகே நின்று சிரிப்பார்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் குடியிருந்தவர் அவர். என் தகப்பனாருக்கு உழவு மாடு பிடித்துக் கொடுப்பவரும் அவரே. நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். எங்கள் பக்கத்தில் ராவுத்தர்மார்களுக்கும் குடியானவர்களுக்கும் அதுதான் முறை.

அவரை மகான் என்று சொல்லி உங்கள் கண்ணைக் கலங்கடிக்க மாட்டேன். வாய் கொள்ளாத பொய்யர்! கிழட்டுக் காளையின் பல்லைப் பிதுக்கிக் காட்டி, "நேத்துப் பொறந்த கன்னுக்குட்டி" என்று சத்தியம் செய்வார். கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் இடுப்பிலிருக்கும் வெற்றிலைப் பையையே அவிழ்த்துத் தந்துவிடுவார். ஆனால் துண்டுக்குள் கை போய்விட்டால் அவரிடம் பொய் கிடையாது.

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு அந்தத் துண்டு தெரியும். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். நடுவில் தரகன் நின்றால், இவர் விரல் சொன்னதை அவர் விரலில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். தரகன் மாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். விரல் சொன்னதை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றியவனுக்கு அப்புறம் எந்தச் சந்தையிலும் கை நீளாது.

நான் பாலக்காட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை வந்தால் அவர் காளைகளுக்குப் பின்னால் நடப்பேன். பனைகளைச் சலசலக்க வைக்கும் கணவாய்க் காற்று, கழுத்து மணிச் சத்தம், முழங்கால் வரை புழுதி... என் தலை நிறையத் தேசம்! புத்தகசாலையில் படித்ததையெல்லாம் அந்தப் புழுதியில் கொட்டுவேன்.

ஜெர்மானிய அறிஞர் ஒருவர் இருந்தார். ஒரு கூட்டத்தின் உயிர் அதன் மொழியிலும் பாட்டிலும்தான் உறைகிறது, அதுவே தேசத்தின் வேர் என்று நினைத்தவர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதை ஒப்பவில்லை. மொழியோ ரத்தமோ மட்டும் தேசமாகாது, சேர்ந்து வாழ மக்கள் மனம் ஒப்ப வேண்டும், ஆகவே அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. நம் நாட்டுக் கவி ஒருவரோ, தேசம் தேசம் என்று கத்தினால் மனிதன் இயந்திரமாகிவிடுவான் என்று அஞ்சினார். நான் ஜெர்மானியர் பக்கம். வெறி பிடித்த பக்கம்!

"மாமா, நீங்க எந்தப் பாஷையில கனாக் காண்பீங்க?"

"கனாவுலயும் மாடுதான் வருது மாப்ளே. அது ஒரு பாஷையும் பேசறதில்லை."

"சிரிக்காதீங்க. தமிழ் பேசறவங்க எல்லாம் ஒரே தேசமுங்க."

"செரி. என்ற பெரிய மவ பொள்ளாச்சியில இருக்கறா. சின்னவ பாலக்காட்டுல. சின்னவ குழந்தைக முக்காவாசி மலையாளம் பேசுது. அதுகளை எந்தத் தேசத்துல கட்டறது?"

"தமிழை உட்டுட்டா அது அவங்க தப்புங்க."

"அட போடா! உன்ற ஜெர்மன்காரன் பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்க மாட்டான்."

அந்தச் சிரிப்பு! காளைகளே திரும்பிப் பார்க்கும். எத்தனை சண்டை போட்டிருப்போம் அந்தச் சாலையில்... தோற்றால் அவர் கோபித்ததில்லை. நான் தோற்றால் இரண்டு மைலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அந்தச் சண்டைகளில் ஒன்றுக்காக இன்று என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பிறகு மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கும் பேச்சு வலுத்தது. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் திரள்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு உறக்கம் வராது. எங்கள் தாலுகாவும் தமிழ் ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று நாங்கள் சில இளவட்டங்கள் வீடு வீடாக அலைந்தோம். எல்லையை விசாரிக்க வெளியூர் அதிகாரிகள் எங்கள் தாலுகாவின் தலைமையிடமான சித்தூரில், முசாபரி பங்களாவில் வந்து இறங்கினார்கள். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றார்கள்.

ராவுத்தரை அழைத்துப்போனவன் நான்தான். குடியானவன் பேசினால் நிலத்துக்காகப் பேசுகிறான் என்பார்கள். ராவுத்தர் பேசினால் அப்படிச் சொல்ல வழியில்லை அல்லவா? அவர் என்ன பேசப் போகிறார் என்று நான் கேட்கவேயில்லை. தமிழ் பேசுகிறவர், வேறென்ன சொல்லிவிடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

அதிகாரிகளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். நான் எழுந்தேன்.

ராவுத்தர் வெளுத்த சட்டை போட்டு, அத்தர் பூசி வந்திருந்தார். உள்ளே போகும் முன் தோள் துண்டை உருவி என் கைமேல் போட்டு, உள்ளே என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, இன்னிக்கு நீதான் தரகு. நான் சொல்றதை அப்படியே சொல்லிப்போடோணும்."

"சொல்லிப்போடறேனுங்க மாமா."

இதைக் கேளுங்கள்... அவர் சொன்னது இதுதான். மெல்லிய குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாங்க பேசறது தமிழுங்க. எங்க குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்துல தமிழ் இருக்கோணும். அது போதுமுங்க. அதுக்காக எங்களை அக்கட்ட கொண்டுபோயிச் சேத்துப்போட வேண்டாமுங்க. மாடு வாங்கறது அங்க, விக்கறது இங்க. என்ற அத்தாவை அடக்கம் பண்ணுன மண்ணு இது. என்னையும் இங்கயே அடக்கட்டுமுங்க."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு மூச்சு விடும் நேரம் இருந்திருக்கும். அதற்குள் நான் என்னவெல்லாம் நினைத்தேன்! இந்தக் கிழவருக்கு என்ன தெரியும்? தமக்கு எது நல்லது என்று அவருக்கே தெரியவில்லையே! வியாபாரம் பேசுகிறார், வரலாறு பேச வேண்டியவன் நானல்லவா...

பேசினேன். உரக்கப் பேசினேன். இவர் தமிழர், இவருடைய மக்கள் தமிழ் ராஜ்யத்தோடு சேர விரும்புகிறார்கள், தம் தந்தையை அடக்கம் செய்த மண் தமிழ் மண் என்கிறார், தம்மையும் தமிழ் ராஜ்யத்திலேயே அடக்க வேண்டும் என்கிறார்!

செத்துப்போன மனிதரைக் கூட நான் விட்டுவைக்கவில்லை. பாருங்கள், எப்படிப்பட்ட அறிவு என் அறிவு!

அதிகாரி தலையசைத்தார். அதைப் பார்த்து ராவுத்தர் முகமெல்லாம் பல்லாக, தாமும் தலையசைத்தார். வெளியே வந்ததும் கேட்டார்: "அத்தாவைப் பத்திச் சொன்னதையும் சொன்னியா மாப்ளே?"

"சொன்னேனுங்க மாமா."

வராந்தாவில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தாவின் காதில் அவருடைய மெல்லிய தமிழ் விழவில்லை. என்னுடைய உரத்த ஆங்கிலம் மட்டும் விழுந்திருக்கிறது. அது சித்தூரிலிருந்து வாணியங்குளம் வரை போய்ச் சேர்ந்தது, எங்களுக்கு முன்னாலேயே.

அடுத்த சந்தைக்கு நானும் அவரோடு போயிருந்தேன். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. அவர் துண்டை விரித்துக் கையை நீட்டினார். அதற்குள் கை நுழைக்க ஒருவரும் வரவில்லை. அவ்வளவுதான். ஒரு வாலிபன் மட்டும் போகிற போக்கில் சொன்னான்: "ராவுத்தர்க்கு பாண்டியிலேக்கு போணமத்ரே! பின்னே எந்தினா இவிடே கச்சவடம்?" தமிழ்நாட்டுக்குப் போக ஆசைப்படுகிறவருக்கு இங்கே என்ன வியாபாரம் என்கிறான்.

வெயில் ஏறும் வரை ராவுத்தர் துண்டோடு நின்றார். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர், நாயர், அருகில் வந்து, கூட்டிப்போன பையன்தான் ஏதோ மாற்றிச் சொல்லியிருப்பான் என்று காதோடு சொன்னார். ராவுத்தர் குதித்தார் பாருங்கள்!

"என்ற மாப்ளே மேல பழி போட்டீன்னா உன்ற நாக்கு அழுகிப்போகும்! அவன் துண்டுக்குள்ள கை குடுத்தவன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல் போதும்... அந்த நாயரிடம், அந்தச் சந்தையில், அந்த இடத்தில். என் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் கை எனக்கு மறுபடி கிடைக்காது என்று பயந்தேன். அவர் பிழைப்பை விட அவர் பாசம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதற்குப் பெயர் பாசமா?

காளைகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தோம். எல்லைக் கல்லருகே அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் சில சந்தைகள் பார்த்தார். நடக்கவில்லை. பொள்ளாச்சியில் பெரிய மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்து, கடைசி ஜோடிக் காளையை என் தகப்பனாருக்கே கொடுத்தார். தரகுக்கு நான்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். துண்டுக்குள் அவர் விரல் சொன்னதை என் தகப்பனார் விரலில் சேர்த்தேன். அதை மாற்றவில்லை! தகப்பனார் பேரம் பேசாமல் சரி என்றார். "பாத்தியா, உன்ற சொல்லுக்கு எத்தனை மருவாதி!" என்று ராவுத்தர் என் முதுகைத் தட்டினார். அந்த இடம் இன்னும் எரிகிறது.

கேரளம் பிறந்தது. எங்கள் ஊரும், பாலக்காடும், தேவிகுளமும் எல்லாம் அதற்குள் வந்தன. அப்போதாவது நான் தமிழ் ராஜ்யத்துக்குப் போனேனா? கேரள அரசில் உத்தியோகம் கிடைத்தது! எந்தத் தேவிகுளத்துக்காக உறக்கம் கெட்டேனோ, அதே தேவிகுளத்துத் தாலுகா ஆபீசில் மலையாளத்தில் கோப்பு எழுதி வயிறு வளர்த்தேன். பொள்ளாச்சியில் அவரை எல்லோரும் "மலையாளத்து ராவுத்தர்" என்று கூப்பிட்டார்களாம்.

பின்னாளில் வேறு சிலரையும் படித்தேன். தேசம் என்பது ஒருவரையொருவர் பார்த்தேயிராத மனிதர்கள் மனத்தில் கட்டிக்கொள்ளும் வீடு என்கிறார்கள். இருக்கட்டும். தமிழ் மேல் நான் வைத்த ஆசை பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிரெஞ்சுக்காரர் கேட்கச் சொன்னாரே... கேட்டார்கள். ராவுத்தரும் பதில் சொன்னார். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ராவுத்தர் மவுத்தான சேதி தேவிகுளத்துக்கு வந்து சேர நாளாயிற்று. போனேன். பொள்ளாச்சி மண்ணில் அடக்கியிருந்தார்கள். பெரிய மகள் சாயா கொடுத்தாள்.

"அத்தா சாகற வரைக்கும் உங்களைத்தானுங்கண்ணா சொல்லிட்டிருந்தாரு. என்ற மாப்ளே இங்கிலீசுல பேசுனதை நீங்க கேட்டிருக்கோணும்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்கு அத்தா என்னங்கண்ணா சொன்னாரு?"

இந்த முறை ஆங்கிலம் தேவையில்லை. அவர் சொன்னதை அவர் மொழியிலேயே, அவர் மகளிடம், அப்படியே சொல்லியிருக்கலாம்...

"நல்லாப் பேசுனாருங்க அம்மிணி" என்றேன். சாயாவைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.