ஆணியில் தொங்கும் அட்டை

நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு அட்டை. இந்தக் கணக்கை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டை தைக்கும் தொழிற்சாலை. மூன்றாவது லைனின் கோடியில் ஓர் ஆணி, ஆணியில் கழிப்பறை அட்டை. அது கழுத்தில் தொங்கினால்தான் மெஷினை விட்டு எழலாம். ஒருத்தி போய்வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவளுக்கு வழி. பெண்கள் தங்களுக்குள் முறை வைத்திருந்தார்கள். முறை தவறினால் அன்றைக்குச் சண்டைதான்.

எந்தத் துண்டைத் தைக்கிறாளோ அதுவே அங்கே ஒருத்திக்குப் பெயர். இவள் காலர். வயது நாற்பத்தாறு, அதில் பத்தொன்பது வருஷம் காலரிலேயே போய்விட்டது. பக்கத்து மெஷினில் சட்டைக் கையின் முனைப்பட்டி தைக்கும் கஃப் அக்கா.

ஒருநாள் தலைசுற்றி மெஷின் மேலேயே சாய்ந்தாள். கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கொழுப்பு கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. சர்க்கரையும் எட்டிப் பார்த்திருந்தது. மூன்று மாதச் சராசரி ஏழு புள்ளி எட்டு.

“இப்பதான் ஆரம்பம்மா. மூணு மாசத்துல ஏழுக்குக் கீழ கொண்டு வந்துடணும். காலைல சாப்பிட்டதும் இது, சர்க்கரைக்கு. ராத்திரி இது, கொழுப்புக்கு. வாயைக் கட்டுங்க. நல்லா நடங்க.”

வீட்டில் சொன்னாள். கணவன் லாரியில் சுமை ஏற்றுகிறவன். “தினம் ஆறு மணிக்குப் பஸ் பின்னாடி ஓடுறியே, அதுக்கு என்ன பேராம்?” என்று சிரித்தான். சிரித்தவன்தான் எண்ணெய் பாட்டிலைத் தூக்கி அவளுக்கு எட்டாத அலமாரியில் வைத்தான். பொரியல், வறுவல் எல்லாம் நின்றது. “வியாதி உங்களுக்கு, பத்தியம் எங்களுக்கா?” என்றாள் மகள். ஆனாலும் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள்.

காலர் மனசாரத்தான் இறங்கினாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். வாயைக் கட்டினாள். கட்ட முடியாதது வயிற்றை. எட்டரை மணி இடைவேளையில் டிபன் சாப்பிட்டு மாத்திரை போடுவாள். பத்து மணிக்குக் கலக்கும். அவள் முறையோ பன்னிரண்டுக்கு. பத்து மணி முறை கஃப் அக்காவுடையது.

“அக்கா, உங்க முறையை எனக்குத் தாங்களேன்.”

“தந்துட்டு நான் என்னடி பண்றது? துணியைக் கட்டிக்கிட்டு உக்காரவா?”

“என் டிபனை எடுத்துக்குங்க. நீங்கதான் வெறும் வயித்தோட வர்றீங்களே.”

பேரம் முடிந்தது. அவளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. சாப்பாடு குறைந்தால் சர்க்கரையும் இறங்கும், முறையும் கிடைக்கும் என்று நினைத்தாள். வெறும் வயிற்றில் விழுந்த மாத்திரை முன்னைவிட இரண்டு மடங்கு கலக்கியது. இப்போது ஒரு முறை போதவில்லை. இன்னொரு முறை வாங்க இன்னொரு டிபனுக்கு எங்கே போவாள்? பன்னிரண்டாம் நாளிலிருந்து, வேலைக்குப் போகும் நாட்களில் காலை மாத்திரையை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டாள்.

ராத்திரி மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. அது கழிப்பறை கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் தாளைப் பார்த்தார். “கொழுப்பு அழகா இறங்கிடுச்சு. சர்க்கரை ஏம்மா எட்டு புள்ளி ஆறு? மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

வாயைத் திறந்தாள். டாக்டர் எழுதும் தாள் நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போகும். போன வருஷம் பாக்கெட் தைத்தவளுக்கு உடம்பு சரியில்லை என்று இதே மேசையில்தான் எழுதினார்கள். அவளை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். இரண்டே மாதத்தில் மேசையையும் எடுத்தார்கள், அவளையும் எடுத்தார்கள்.

“தினமும் போடுறேன் சார்.”

“அப்ப டோஸ் பத்தலை.” ஐந்நூறை அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதினார். வயிற்றை அவ்வளவாகப் படுத்தாத வகை மாத்திரையும் உண்டு. அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. நான்கு நிமிஷத்தில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“இது மாத்திரையா, கூழாங்கல்லா?” என்று கணவன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“இன்னொரு அட்டை கேட்டா என்ன?”

“கேட்டவ யாரும் இப்ப லைன்ல இல்ல.”

மகள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “இந்தத் தடவை ஒழுங்கா போடுங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

மறுநாள் டிபனை யாருக்கும் கொடுக்காமல் முழுசாகச் சாப்பிட்டாள். மாத்திரையைப் போட்டாள். பத்து மணிக்கு அடிவயிறு முறுக்கியது. கால் பெடலில் நிற்கவில்லை. காலர்த் தையல் கோணலாக ஓடியது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆணி காலி.

“அக்கா…”

“டிபனை நீயே முழுங்கிட்டே. இப்ப எதைக் காட்டிக் கேக்கிறே?” என்று கஃப் அக்கா சிரித்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “என் முறை இப்பதான்டி முடிஞ்சுது. உனக்கு முன்னாடி எத்தனை பேருன்னு பாரு.”

பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் குனிந்திருந்த முதுகுகளை எண்ணினாள்.

பதினொன்று.