பெர்னார்ட்டுக்கு ஓர் அர்ச்சனை

அருங்காட்சியகத்தில் காவல் வேலை என்றால், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குவது. கவுண்டருக்குப் பின்னாலும் கடை வாசலிலும் ஸ்டேஷன் கேற்றிலும் நின்று பிழைக்கும் என் இனத்தவர்களே, பின்னேரம் நாலு மணிக்கு முழங்கால் என்ன பாஷை பேசும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாரிஸில் பல வருடம் ஹோட்டல் அறைகளைத் துடைத்துவிட்டு லண்டனுக்கு வந்து, வால்தம்ஸ்டோவில் வீடெடுத்து, இந்த வேலை கிடைத்தபோது "படம் பார்க்கிற வேலை" என்று எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். உண்மையில் இது, படம் பார்க்க வருகிறவர்களைப் பார்க்கிற வேலை.

போன வருடம் என்னை ஒரு சின்ன அறைக்குப் போட்டார்கள். சுவர் முழுக்கப் பழைய காலத்து விலங்குப் படங்கள். அதில் பாதிக்கு மேல் தென்னமெரிக்கக் கொம்புத் தவளை. நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் உயிருள்ள கொம்புத் தவளை ஒன்று. பெயர் பெர்னார்ட். பார்வையாளர்கள் வாக்குப் போட்டு வைத்த பெயர் அது.

நீங்களுமா?

பெர்னார்ட் உள்ளங்கை அளவில் வட்டமாக, பச்சையும் மண்நிறமுமாக இருக்கும். உடம்பு எவ்வளவு அகலமோ வாயும் அவ்வளவு அகலம். கொம்பு என்பது கண்ணுக்கு மேலே கூராக எழும்பி நிற்கும் தோல்தான். காட்டில் இதன் தொழில், காய்ந்த இலைகளுக்குள் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடப்பது. பூச்சியோ, எலியோ, இன்னொரு தவளையோ, வாய்க்குள் அடங்கக்கூடிய எதுவும் பக்கத்தில் வரும்வரை அசையாது. லண்டனில் அதன் முன்னால் நடந்து போனவை எல்லாம் மனிதர்கள். ஆகவே அது அசைய வேண்டிய தேவையே வரவில்லை.

"பிளாஸ்டிக்கா?" என்று காலையிலிருந்து பின்னேரம்வரை கேட்பார்கள். "உண்மையானது, உயிரோடு இருக்கிறது" என்று நானும் காலையிலிருந்து பின்னேரம்வரை சொல்வேன். ஒருநாள் ஒரு கனவான் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து, "எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார்கள் பார்" என்று மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் கைகட்டி நின்ற நான், தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் சொன்னேன். அவர் துள்ளிப் போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளே, நீங்களுமா உண்மை?"

போத்தலைக் கண்டவர்

புதன்கிழமை தவறாமல் மோர்டனிலிருந்து மகாலிங்கம் அண்ணை வருவார். பஸ் ஓடி ரிட்டயர் ஆனவர். லைப்ரரியில் ஒரு படம் கீறும் வகுப்பில் சேர்ந்து, நடக்கிற நாயையும் பறக்கிற புறாவையும் கீறப் போய்க் களைத்து, கடைசியில் ஆடாமல் அசையாமல் இருக்கும் ஒரு ஜீவனைத் தேடி எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். அறைக்குள் பென்சில் மட்டும்தான் அனுமதி. மடிக்கிற கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழும்ப மாட்டார்.

ஒருநாள் அவர் சுவரில் இருந்த பெரிய படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அந்தப் படத்தில் தவளை முன்னங்காலை ஊன்றி நாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கொம்பு இரண்டும் ஆட்டுக்கடாவின் கொம்பு போல இறுகி நிற்கும். உடம்பெல்லாம் ஒரே தேயிலைச் சாய நிறம். கீழே மட்டும், "உயிருள்ளதைப் பார்த்து வரைந்தது" என்று அழகான கொடியெழுத்தில் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் தவளையை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கப்பலில் அனுப்புவார்கள், வந்து சேரும்போது நிறம் முழுக்கக் கழன்றுவிடும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அண்ணை தொட்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைக் கீறின மனுசன் தவளையைக் காணேல்லைத் தங்கச்சி, போத்திலைத்தான் கண்டவர்."

கருத்து அட்டை

மாசி மாதம் தொட்டிக்குள் பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் மெஷின் பழுதாகிவிட்டது. திருத்த ஒரு சாமான் வரவேண்டும், வரும் வரும் என்று நாட்கள் போயின. மண் காய்ந்தது. பெர்னார்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, பிறகு முதுகில் ஒரு காசளவு மட்டும்தான் தெரிந்தது. அதுவும் பழைய கடதாசி மாதிரி. மூன்று கிழமையாகச் சாப்பாடில்லை.

தவளையைப் பராமரிக்க வரும் ஹெலன் நல்ல பிள்ளை. மழையில்லாத காலத்தில் இந்தத் தவளைகள் மண்ணுக்குள் போய், தங்கள் செத்த தோலையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும் என்றாள். ஆனால் ஏதும் நோய் வருத்தமாகவும் இருக்கலாம், மழைபோல விடாமல் தண்ணீர் பட்டால்தான் தெரியும் என்றாள். கிண்டிப் பார்க்கவே கூடாது, தோலில் வேறெதுவும் படவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் மேனேஜர் றிச்சர்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கருத்துப் பெட்டியில் வந்த ஓர் அட்டையை எனக்கு வாசித்துக் காட்டினார். வருகிற புதன்கிழமைவரை பார்ப்பேன், அதற்குப் பிறகு பெர்னார்டை எடுத்துவிட்டு றப்பர் தவளை ஒன்று வைக்கப்போகிறேன், ஓர்டரும் கொடுத்தாயிற்று என்றார். சொல்ல வெட்கம்தான், ஆனால் அந்த அறையில் நாள் முழுக்க என்னோடு கூட இருந்தது அது ஒன்றுதான். அட்டையில் இருந்தது இது:

"செத்த தவளைக்குப் பதிலாக றப்பரில் ஒன்று வைத்திருந்தால், சிரித்த முகமாகவாவது இருந்திருக்கும்."

பெயர், நட்சத்திரம்

திங்கட்கிழமை சாமான் வந்து மெஷின் ஓடத் தொடங்கியது. செவ்வாய் பின்னேரம்வரை பார்த்தேன், ஓர் அசைவும் இல்லை. வேலை முடிந்து நேரே மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். நான் என்ன செய்ய? எங்களுக்கு வேறு வழி தெரியாது.

ஐயர் பெயர் கேட்டார். "பெர்னார்ட்" என்றேன். அவர் கண்ணே சிமிட்டவில்லை. நட்சத்திரம் கேட்டார். தெரியாது, பிறந்த நாளும் தெரியாது என்றேன். சுவாமி பெயருக்கே செய்வம் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "என்ன வருத்தம்?" என்று தணிந்த குரலில் கேட்டார். "மூண்டு கிழமையாச் சாப்பிடேல்லை ஐயா. ஒரே படுக்கை. தோலெல்லாம் காஞ்சு போச்சுது" என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஐயருக்கு உண்மையாகவே பாவமாகிவிட்டது. அர்ச்சனையை ஆறுதலாகச் செய்து, திருநீற்றைத் தாளில் மடித்துத் தந்தார்.

"வெள்ளைக்கார மருமக்களுக்கு எங்கடை உறைப்பு ஒத்துவராது பிள்ளை, கொஞ்ச நாளைக்குத் தயிர்ச்சோறு குடுத்துப் பாருங்கோ."

றப்பர் தவளை

புதன் காலை றிச்சர்ட் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே றப்பர் தவளை, பளபளவென்று, சிரித்த முகமாக. ஹெலன் வரும் ரயில் தாமதம். "அவள் வரட்டும், தொடாதீர்கள்" என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து, மெல்லிய கையுறையோடு சுட்டுவிரலால் மண்ணை விலக்கினார். "பாருங்கள், காய்ந்துபோய்விட்டது" என்று என்னைத் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் காய்ந்த தோல் நடுவால் கிழிந்தது.

வாய் திறந்ததை நான் காணவில்லை. மூடியிருந்ததைத்தான் கண்டேன், உள்ளே றிச்சர்டின் விரல். அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "இழுக்காதீர்கள்!" என்று கத்திக்கொண்டு நான் மெஷினுக்கு ஊற்றவென்று ஹெலன் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். மகாலிங்கம் அண்ணையோ கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். பென்சில் பறந்துகொண்டிருந்தது. "அசையாதேங்கோ மேனேஜர் சேர், ஒரு நிமிசம், ஒரேயொரு நிமிசம்!"

தண்ணீர் பட்டதும் பெர்னார்ட் ஆறுதலாக விரலை விட்டது. பிறகு எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே, முன்னங்காலால் பழைய தோலைத் தலைக்கு மேலால் கழற்றி, வாய்க்குள் திணித்து விழுங்கியது. உள்ளே இருந்த பச்சையை அந்தச் சுவரில் ஒரு படத்திலும் நான் கண்டதில்லை. மெஷினா முருகனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

றிச்சர்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். முதலுதவிப் பெட்டி எடுத்து விரலுக்குக் கட்டுப் போட்டேன். பெர்னார்டுக்கென்று வாங்கிய திருநீறு கைப்பையில் அப்படியே இருந்தது. அதை அவர் நெற்றியில் பூசிவிட்டேன். இது என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"உயிரோடுதான் இருக்கிறான்."

றப்பர் தவளை இப்போது மேனேஜர் அறையில் கடதாசி பறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அண்ணையின் படத்தை நாங்கள் தேநீர் குடிக்கும் அறையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். அதன் அடியில் அவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்:

"உயிரோடை கண்டு கீறினது. விரல் மேனேஜர் சேரின்ரை."

இத்தனை காலமும் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவள், ஏதாவது நடக்கட்டும் என்று கோயிலுக்குப் போய்க் கும்பிட்டது இந்த ஒரு தடவைதான்.