நிழலில் வளர்ந்த குரோட்டன்

மலாயாவில், சாஆ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைச் சுற்றி குரோட்டன் வேலி இருந்தது. அதை வெட்டிச் சீராக்குவது சந்திரமதியின் வேலை. வெயிலில் அந்த இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் வந்ததும் துரை ஓடிவிட்டார். மறுவருஷம் அவள் கணவர் தங்கராஜுவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அப்போது அவள் கர்ப்பிணி.

பிறந்த பெண் குழந்தை நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் இறந்தது. புதைத்த இடத்தில் அடையாளத்துக்கு நட்ட கட்டையை யாரோ விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் கல்லறைகளில் குரோட்டன் வைப்பதை அவள் பார்த்திருந்தாள். பங்களா வேலியில் ஒரு கொப்பை ஒடித்து வந்து தலைமாட்டில் நட்டாள். அது வேர் பிடித்தது.

“துரையே போயிட்டான், இவ இன்னும் துரை செடிக்குத் தண்ணி தூக்குறா!” என்று பக்கத்து வீட்டு செல்வராணி கேலி செய்தாள்.

“எங்க வீட்டுக்காரரு பிள்ளை முகத்தையே பார்க்கல. வந்தா இடத்தையாவது காட்ட வேணாமாக்கா?”

பிறகு, சாப்பாட்டுப் பஞ்சத்தால் புதைகாட்டிலும் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

“புடுங்கிடும்மா,” என்றார் கங்காணி கனகராஜ். “ஜப்பான்காரன் பார்த்தான்னா என்னைத்தான் அறைவான்லா.”

“தரையோட வெட்டிடுறேண்ணே, வேரு மட்டும் இருக்கட்டும். மரவள்ளி வளர்ந்தா மறைச்சிடும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று கங்காணி திரும்பிக்கொண்டார்.

மரவள்ளி ஆள் உயரம் வளர்ந்தது. அதன் நிழலில் குரோட்டன் மறுபடி துளிர்த்தது, ஆனால் வெறும் பச்சையாக. குரோட்டனுக்கு வெயில் இல்லாவிட்டால் நிறம் வராது. வெயிலிலேயே அதை வளர்த்துப் பழகிய சந்திரமதிக்கு இது தெரியாது. செடிக்குச் சத்துப் போதவில்லை என்று நினைத்துச் சாம்பல் போட்டாள்.

மலேரியாவில் அவள் படுத்திருந்தபோது பெண்கள் களையெடுத்தார்கள். செல்வராணி அழுதுகொண்டே வந்தாள்.

“உன் செடியில கை வெச்சிடக் கூடாதுன்னு தேடிக்கிட்டே போனேன்டி. செவப்பா ஒண்ணுமே இல்லையே! பச்சையா இருந்ததையெல்லாம் களைன்னு புடுங்கிட்டோம்டி!”

யுத்தம் முடிந்து தங்கராஜு ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவள் அவரைப் புதைகாட்டுக்குக் கூட்டிப் போனாள். கிழங்கு தோண்டிய நிலம் முழுவதும் புரண்டு கிடந்தது.

“எங்க?” என்றார்.

அவள் நிலம் முழுவதையும் கண்ணால் துழாவினாள். அவர் உள்ளே ஓர் அடி வைத்தார்.

“அங்க மிதிக்காதீங்க.”

சற்றுத் தள்ளி வைத்தார்.

“ஐயோ, அங்கயும் வேணாங்க.”

அவர் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.