‘சில மேம்பாடுகள்’ என்று ஒரு வரி

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில், எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் கேட் கிளார்க். வரும் லாரிகளுக்கு டோக்கன் கொடுப்பேன். கம்ப்யூட்டர் காட்டுகிற வரிசையில் மைக்கில் கூப்பிடுவேன். முதலில் வந்தவன் முதலில் உள்ளே. ஒருத்தனிடமும் துட்டு வாங்கியதில்லை. டிரைவர்களிடம் எனக்கிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை புது சாஃப்ட்வேர் போட்டார்கள். கூடவே ஒரு தாள், இங்கிலீஷில் ஒரே வரி: கேட் பகுதியில் சில மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. என்னய்யா மேம்பாடு என்று அதை எழுதிய சாஃப்ட்வேர் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். “சின்ன விஷயம் சார், நீங்க எப்பவும் போல பாருங்க” என்றார். பார்த்தேன். நாசமாய்ப் போக!

அன்று லாரிகள் விம்கோ நகர் வரை நின்றன. கடைசியாக வந்த சில வண்டிகளைத் திரை முதலில் காட்டியது. நானும் கூப்பிட்டேன். அவையெல்லாம் இறால் ஏற்றிய ஐஸ் பெட்டி வண்டிகள். இறால் கெடக்கூடாது என்று வரிசையை மாற்றியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நியாயம்தான். அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன?

முதல் கல் என் கேட் ரூம் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. “இன்னாடா, துட்டு வாங்கிகினு வண்டி வுடுறியா?” காத்துக்கிடந்த டிரைவர்கள் என் சட்டையைப் பிடித்து ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தார்கள். உடைந்த கண்ணாடி வயிற்றைக் கிழித்தது. தரையில் போட்டு மிதித்தார்கள்.

“கம்ப்யூட்டர்தாம்பா காட்டுச்சு!”

“கம்ப்யூட்டரா மைக்ல கூப்ட்டுது? நீதான கூப்ட்ட!”

நிமிர்ந்து பார்த்தேன். ஜாக்கி ராடோடு நின்றவர், என்னோடு தினமும் டீ குடிக்கிற தண்டையார்பேட்டை டிரைவர். “உன்னப் போயி நம்புனேன் பாரு” என்று அழுதுகொண்டே அடித்தார். தோள் எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அவர் அழுததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு பழைய சாஃப்ட்வேரையே ஓட்டினார்கள். மாவுக்கட்டோடு நான் வேலைக்குத் திரும்பிய வாரம், அதே மாற்றத்தை மறுபடி போட கம்பெனிக்காரர் நேரில் வந்தார். கையில் அதே ஒரு வரித் தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நல்ல கையால் காலரைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினேன்.

“எழுதுய்யா. என்ன மாறுது, எதுக்கு மாறுது, யார் முன்னாடி போவான், யார் நிப்பான். தமிழ்ல எழுது. இல்லன்னா ஜன்னல்ல நீ உட்காரு.”

எழுதினார்: ‘இன்று முதல் ஐஸ் பெட்டி வண்டிகளைக் கம்ப்யூட்டர் முதலில் கூப்பிடும். சரக்கு கெடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மற்ற வண்டிகள் டோக்கன் வரிசைப்படி. வரிசையை மாற்ற கிளார்க்கால் முடியாது.’

புதுக் கண்ணாடியில், வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினேன். தண்டையார்பேட்டைக்காரர் லாரியிலிருந்து இறங்கி வந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு என் மாவுக்கட்டைப் பார்த்தார்.

“இத்த அன்னிக்கே ஒட்டிருந்தா இன்னா நைனா?”

“எனக்கே தெரியாதுண்ணே.”

டோக்கனை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் என்னோடு டீ குடிக்க வரவே இல்லை.