இரண்டாம் ஷிப்ட்

கொரட்டூர் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் என் அப்பாவுக்கு ராக் என்றாலே சாத்தானின் இரைச்சல். நானோ அம்பத்தூர் ராக் குழு ஒன்றின் கேசட்டைத் தேயத் தேயக் கேட்பவள். அதில் வரும் கீபோர்டுக்கு உயிரையே விடுவேன்.

அப்பா ஃபேக்டரியில் இரண்டாம் ஷிப்ட் என்று கிளம்பிப் போன ஒரு சனிக்கிழமை, பாடகர் குழுப் பயிற்சி என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அந்தக் குழுவை நேரில் பார்க்கப் போனேன். சின்னக் கல்யாண மண்டபம். மேடை விளக்கு எரிந்தது. கீபோர்டில், கறுப்புக் கண்ணாடியோடு அப்பா.

"அண்ணாத்தே இன்னாமா வாசிக்கிறாரு பாரு" என்றான் பக்கத்திலிருந்தவன்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். கை மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் ஆராதனையில் காணிக்கை எடுக்கும்போது ஆர்கன் மெதுவாக ஒலித்தது. அந்தக் கேசட்டின் முதல் பாட்டு.

"உங்கப்பா வாசிச்சா மனசே உருகுதுடி" என்று அம்மா கண்ணைத் துடைத்தாள்.

நான் ஆமென் என்றேன்.